புது ரைஃபிளைக் கண்டு முகம் சுளிப்பது எப்படி?

ஜனவரி பிறந்துவிட்டது, லாஸ் வேகாஸில் ஷாட் ஷோ களைகட்டிவிட்டது. 1979-ல் தொடங்கிய இந்தக் கண்காட்சியில்தான் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள் தங்கள் புதுச் சரக்கை மேசையில் பரப்பி வைக்கும். வியாபாரிகளுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கும் மட்டுமே அனுமதி. நீங்கள் வெறும் ரசிகர். உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். புது ரைஃபிளை உங்களால் தொட முடியாது, தூக்கிப் பார்க்க முடியாது, அதில் ஒரு தோட்டாகூடச் சுட முடியாது. ஆகவே அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல முழுத் தகுதியும் உங்களுக்கு வந்துவிட்டது.

பேசப்போவது செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளைப் பற்றி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா பாயும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். மறுபடி சுட மறுபடி இழுக்க வேண்டும். இயந்திரம் செய்வது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீங்கள் செய்ய வேண்டியது. ஏற்கெனவே நன்றாகத்தான் செய்கிறீர்கள்; இன்னும் மோசமாகச் செய்யக் கற்றுத்தருகிறேன்.

1. படம் வந்ததும் தீர்ப்பு எழுதுங்கள்.

வெள்ளைப் பின்னணியில் பக்கவாட்டுப் படம் ஒன்று வரும். போதும். எடை, விலை, குழல் நீளம் எதையும் படிக்காதீர்கள். படித்தால் கருத்து மாறிவிடக்கூடும். முதல் குறை அழகில் இருக்கட்டும். உடனே ஒரு பட்டப்பெயர் வையுங்கள். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக ஸ்கார் ரைஃபிளை வடிவமைத்தது. தோளில் ஊன்றும் அதன் பின்கட்டை மடங்கும், நீளும், கன்னத்தின் உயரத்துக்கு ஏற்ப எழும்பும். அத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த அந்தக் கட்டைக்கு ரசிகர்கள் சூட்டிய பெயர் ‘அக் பூட்ஸ்’. பெண்கள் குளிர்காலத்தில் போட்டுக்கொள்ளும் ஆட்டுத்தோல் பூட்ஸ் அது. பொறியியல் மடிந்தது, பட்டப்பெயர் நிலைத்தது. இதுதான் நீங்கள் எட்ட வேண்டிய தரம்.

2. “என் ஏ.ஆர். செய்யாத எதை இது செய்கிறது?” என்று கேளுங்கள்.

எந்த ரைஃபிளுக்கும் பொருந்தும் கேள்வி. பதில் வருவதற்குள் எழுந்து போய்விடலாம்.

ஆர்மலைட் கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் வரைந்த ஏ.ஆர்.-15, 1959-ல் கோல்ட் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 1960-களின் நடுவில் பொதுமக்களுக்கான செமி-ஆட்டோமேட்டிக் வடிவம் கடைக்கு வந்தது. 1977-ல் காப்புரிமை காலாவதியானது. அன்றிலிருந்து லேத்தும் துணிச்சலும் உள்ளவரெல்லாம் அதைச் செய்கிறார்கள். உதிரிபாகங்கள் தபாலில் வருகின்றன. சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வருவது விசைத் தொகுதியைத் தாங்கும் அந்தக் கீழ்ப்பகுதி மட்டும்தான். அதை மட்டும் கடையில் படிவம் நிரப்பி வாங்கிவந்து, மீதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூட்டிவிடலாம். நீங்களும் ஒன்று பூட்டியிருக்கிறீர்கள். ஒரு சின்ன ஸ்பிரிங் தெறித்துப் போய் இன்னும் சோபாவுக்கு அடியில் கிடக்கிறது.

புது ரைஃபிள் ஏ.ஆர். மாதிரி இருந்தால், “இன்னொரு ஏ.ஆரா? கொட்டாவி வருகிறது” என்று சொல்லுங்கள். ஏ.ஆர். மாதிரி இல்லாவிட்டால், “அறுபது வருஷமாக நன்றாக ஓடுவதை ஏன் மாற்றினார்கள்?” இரண்டையும் ஒரே நாளில் சொல்லலாம். யாரும் குறித்துவைத்துக்கொள்வதில்லை.

3. கெஞ்சிக் கேளுங்கள், கொடுத்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5.56 அளவுத் தோட்டாவுக்கு வந்தால் .308-ல் எங்கே என்று கேளுங்கள். .308-ல் வந்தால் 6.5 கிரீட்மோர் கேளுங்கள். அதுவும் வந்துவிட்டால், “அந்தத் தோட்டா என்ன விலை தெரியுமா?” என்று தலையில் கை வையுங்கள். கறுப்பில் வந்தால் மண் நிறம், மண் நிறத்தில் வந்தால் கறுப்பு. உங்களுக்கு வலக்கைப் பழக்கம் என்றாலும் இடக்கைக்காரர்களுக்காக ஒருமுறை கண்கலங்குங்கள்.

4. விலையைக் கேட்டு இடிந்துபோங்கள். இதற்கு முன்கூட்டியே தயாராகுங்கள்.

இந்தப் படியை ஒழுங்காகக் கற்க வேண்டுமானால் மசாடாவின் கதை தெரிந்திருக்க வேண்டும். 2007 ஷாட் ஷோவில் மேக்புல் கம்பெனி ஒரு மாதிரி ரைஃபிளைக் காட்டியது. அதுவரை தோட்டா அடைக்கும் மேகசின், கைப்பிடி போன்ற துணைப்பொருள்கள் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. ரைஃபிளின் பெயர் மசாடா. குழலைக் கையாலேயே கழற்றலாம், பின்கட்டையை மடக்கலாம், குழலையும் சில பாகங்களையும் மாற்றினால் வேறு அளவுத் தோட்டாவுக்கும் ஆகும். ரசிகர்களுக்குத் தரையில் கால் பாவவில்லை. 1,500 டாலர் அளவில் வந்துவிடும் என்ற பேச்சு கிளம்பியது. அந்த எண்ணை நெஞ்சில் பச்சை குத்திக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே உற்பத்தி உரிமை புஷ்மாஸ்டர் கம்பெனிக்குப் போனது, பெயர் ஏ.சி.ஆர். என்று மாறியது. பிறகு காத்திருப்பு. காத்திருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். வாங்காத ரைஃபிளுக்கு உறை வாங்குங்கள், தொலைநோக்கி வாங்குங்கள், தோள்வார் வாங்குங்கள். 2009 நவம்பரில் ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ வீடியோ கேமில் ஏ.சி.ஆர். வந்தது. கடையில் நிஜ ரைஃபிள் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பள்ளிக்கூடப் பையன்கள் கட்டைவிரலால் அதை ஆயிரக்கணக்கான முறை சுட்டுத் தள்ளியிருந்தார்கள். அதில் உதைப்பே இல்லை என்று சான்றிதழும் கொடுத்தார்கள். கேமில் எந்தத் துப்பாக்கிக்குத்தான் தோள்பட்டை வலிக்கும்?

2010-ல் கடைக்கு வந்தது. அடிப்படை வடிவமே 2,685 டாலர். கொஞ்சம் அலங்காரம் வேண்டுமென்றால் 3,061. எடை எட்டு பவுண்டைத் தாண்டியது, அதாவது மூன்றே முக்கால் கிலோவை நெருங்கியது.

இப்போது செய்ய வேண்டியது: வாயில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாதீர்கள். பிறகு, “இந்தக் காசுக்கு ரெண்டு ஏ.ஆர். வாங்கலாமே!” உங்களிடம் ஏற்கெனவே நான்கு இருப்பதைச் சொல்ல வேண்டாம். 1,500 டாலர் என்று எவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்ததில்லை என்பதை யாராவது ஞாபகப்படுத்தினால், அவர் கம்பெனியின் கைக்கூலி. வேறு அளவுத் தோட்டாவுக்கு மாற்றிக்கொள்ளும் பாகங்களும் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படவில்லை. இந்தக் குறை உண்மையிலேயே நியாயமானது. ஆனால் அதை அடக்கியே வாசியுங்கள். நியாயமான குறையை நீட்டிப் பேசினால் மற்ற குறைகளின் தரம் வெளியே தெரிந்துவிடும்.

5. எவருக்கும் புரியாத ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்குங்கள்.

ரைஃபிள் குழலின் உள்ளே சுருள் சுருளாக மரை வெட்டியிருப்பார்கள். தோட்டா அதில் சுழன்றுகொண்டே வெளியேறுவதால்தான் காற்றில் குட்டிக்கரணம் போடாமல் நேராகப் போகிறது. ஏ.சி.ஆர். குழலில் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ராணுவத்தின் எம்4 ரைஃபிளில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 77 கிரெயின் தோட்டா, அதாவது ஏறக்குறைய 5 கிராம், நீளமானது. அதற்கு வேகமான சுழற்சி வேண்டும். கடையில் மலிவாக அள்ளி வரும் 55 கிரெயின் தோட்டாவுக்கு 9 தாராளமாகப் போதும்.

நீங்கள் இதுவரை சுட்டதெல்லாம் 55 கிரெயின்தான். இனி சுடப்போவதும் அதுவே. 77 கிரெயின் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, விலையைப் படித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தவர் நீங்கள். இருந்தாலும் “ஒன்பதா? ஒன்பதா வைத்தார்கள்?” என்று, பெண் வீட்டார் சீரில் ஒன்று குறைந்துவிட்டதைக் கண்டுபிடித்த சம்பந்தியைப் போல் நடு அரங்கில் குரலை உயர்த்துங்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் டாலருக்கு வாங்கவே போகாத ரைஃபிளில், சுடவே போகாத தோட்டா, சுடவே போகாத தொலைவில் சற்று விலகிப் போகும் என்ற வேதனை உங்கள் முகத்தில் தெரிய வேண்டும்.

6. குறி தப்பாது என்று நிரூபியுங்கள்.

100 கெஜத் தொலைவில் தோட்டாக்கள் ஒரு அங்குலத்துக்குள் அடுத்தடுத்து விழுந்தால் நல்ல ரைஃபிள் என்று பெயர். ஆகவே உங்களுடையது அப்படித்தான் சுடும்.

முறை எளிது. மணல் மூட்டை மேல் ரைஃபிளை வைத்துத் தாளில் சுட்டுக்கொண்டே இருங்கள். எங்கோ ஓரிடத்தில் மூன்று ஓட்டைகள் நெருங்கி விழுந்திருக்கும். அவற்றின் பக்கத்தில் 25 சென்ட் நாணயத்தை வைத்துப் படம் பிடியுங்கள். அதன் விட்டம் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். மற்ற ஓட்டைகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளலாம். “நான் ஒழுங்காகச் சுட்டால் இது நாள் முழுக்க இப்படியே சுடும்” என்று அடக்கத்தோடு சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய புது ரைஃபிள் அதே மாதிரி சுட்டால், மூன்று தோட்டா எல்லாம் ஒரு கணக்கே இல்லை, குறைந்தது பத்து வேண்டும் என்று விளக்குங்கள்.

7. முதல் தொகுதியை மற்றவர்கள் வாங்கட்டும்.

“கம்பெனிக்கு நான் சோதனை எலியா? ரெண்டாவது பதிப்பு வரட்டும்.” இதைச் சொல்லிவிட்டு, வாங்கியவரின் வீட்டு வாசலில் ஏதாவது உடையட்டும் என்று காத்திருங்கள். பலன் சில நேரம் கிடைக்கும். 2010 அக்டோபரில் புஷ்மாஸ்டர் ஏ.சி.ஆர். ரைஃபிள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விசையை ஒருமுறை இழுத்தாலே ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் பாயக்கூடும் என்று தெரியவந்ததால், உடனே சுடுவதை நிறுத்துங்கள் என்றது.

1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு செய்யப்பட்ட தானியங்கித் துப்பாக்கியை அமெரிக்கக் குடிமகன் வைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சட்டத்தைத் திட்டியே தொண்டை வறண்டவர்கள் உங்கள் வட்டத்தில் எத்தனை பேர்! அவர்களுக்குக் கம்பெனி அதையே தெரியாமல் இலவசமாகக் கொடுத்தது. அதற்கும் திட்டினார்கள். நீங்கள் திட்ட வேண்டாம். “நான் அப்பவே சொன்னேன்” என்று மட்டும் சொல்லுங்கள். எப்போது, எதை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

8. வீட்டில் விலையைச் சொல்லும்போது ஒரு பூஜ்யத்தை விழுங்குங்கள்.

பழைய ரசிகர்களின் பெரிய கவலை தெரியுமா? தான் செத்த பிறகு, தான் சொன்ன விலைக்கே மனைவி துப்பாக்கிகளை விற்றுவிடுவாளோ என்பதுதான். உயில் எழுதும்போது உண்மையை எழுதிவிடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

9. சிப்பாயின் முதுகுக்காக வருந்துங்கள், சோபாவில் இருந்தபடியே.

ராணுவம் புது ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தால் அது உங்கள் வீட்டு விசேஷம். 5.56 தோட்டா கொசுக்கடி, பெரிதாக வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லி வந்தீர்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் கம்பெனியின் ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தது. 6.8 மி.மீ. தோட்டா. அடிப்பாகம் எஃகு, மேற்பாகம் பித்தளை. ஒரு சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு அழுத்தத்தைத் தாங்குவதற்காக அந்த ஏற்பாடு. முதலில் வைத்த பெயர் எக்ஸ்.எம்.5; அந்த எண்ணைக் கோல்ட் ஏற்கெனவே ஒரு ரைஃபிளுக்கு வைத்திருந்ததால் எக்ஸ்.எம்.7 ஆனது. (பெயர் மாறியதற்கே ஒரு வாரம் சண்டை போட்டிருக்க வேண்டும். போட்டீர்கள்.)

ஆக, கேட்டது வந்துவிட்டது. உடனே 5.56-ன் அருமை பெருமைகளைப் பாடத் தொடங்குங்கள். எம்4 ஆறரை பவுண்டு, இது சப்தம் குறைக்கும் குழாயோடு கிட்டத்தட்ட பத்து. அதன் மேகசினில் 30 தோட்டா, இதில் 20. மலையேறும் சிப்பாய் என்ன பாடுபடுவான்! இதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ராணுவத்துக்குள்ளேயே அதைச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் சுமந்துவிட்டுச் சொன்னார்கள். நீங்கள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லுங்கள், அப்போதுதான் உருக்கமாக இருக்கும்.

பொதுமக்களுக்கான முதல் பதிப்பு ஏறத்தாழ 8,000 டாலருக்கு வந்தது. வருத்தப்பட்டு முடித்ததும் போய் வரிசையில் நில்லுங்கள்.

10. தடை என்ற பேச்சு எழுந்ததும் மேலே சொன்ன அத்தனையையும் மறந்துவிடுங்கள்.

இது தேர்ந்தவர்களுக்கான பாடம். 2012 டிசம்பர் 14, கனெக்டிகட் மாநிலம், நியூடவுன், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளி. 20 குழந்தைகள், பள்ளியில் வேலை பார்த்த 6 பெரியவர்கள். கொன்றவன் பள்ளிக்குள் பயன்படுத்தியது புஷ்மாஸ்டர் ரைஃபிள். ஏ.சி.ஆர். இல்லை, “இந்தக் காசுக்கு ரெண்டு வாங்கலாமே” என்று நீங்கள் மெச்சிய ஏ.ஆர். வகை. இந்த ரைஃபிளை வாங்கினால் ‘ஆம்பிளை அட்டை’ மறுபடி கிடைத்துவிடும் என்ற பொருளில் அந்தக் கம்பெனி அப்போது விளம்பரம் செய்துவந்தது.

பதற்றப்படாதீர்கள். முதலில் தொலைக்காட்சி முன் உட்காருங்கள். நிருபர் பேசுவதைக் கவனமாகக் கேளுங்கள். மேகசின் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கிளிப் என்று சொல்வார். கப்பென்று பிடித்துக்கொள்ளுங்கள்! கிளிப் என்பது தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு. 1936-ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 காரண்ட் ரைஃபிளில் எட்டுத் தோட்டாவைக் கவ்வியிருக்கும். எட்டும் தீர்ந்ததும் ‘டிங்’ என்று வெளியே துள்ளும். மேகசின் வேறு, கிளிப் வேறு. இதை நிதானமாக, ஜான் காரண்டின் பிறப்பிலிருந்து தொடங்கி விளக்குங்கள். நீங்கள் முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தின் பெயரே பேச்சில் இருக்காது.

அடுத்து, கடைக்கு ஓடுங்கள். இன்று எடை பார்க்கக் கூடாது, மரை எண்ணக் கூடாது, நிறம் கேட்கக் கூடாது, இரண்டாவது பதிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. அலமாரியில் எது இருக்கிறதோ அது உலகத்திலேயே சிறந்த ரைஃபிள். அந்த டிசம்பரில் துப்பாக்கி வாங்க வந்தவர்களுக்கான பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின. அதுவரை எந்த மாதமும் அந்த எண்ணிக்கையைக் கண்டதில்லை. ஐயோவா மாநிலத்தின் பிரவுனெல்ஸ் கம்பெனி, மூன்றரை ஆண்டில் விற்கும் மேகசின்களை 72 மணி நேரத்தில் விற்றுவிட்டதாகச் சொன்னது. வாங்கியவர்களில் எத்தனை பேர் பின்கட்டையின் அழகைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்?

2013 ஏப்ரலில் தடை யோசனை செனட்டில் தோற்றது. தடை வரவில்லை. விலை இறங்கியது. இரட்டை விலைக்கு வாங்கியதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். 2022 பிப்ரவரியில், புஷ்மாஸ்டருக்கு உரிமையாளராக இருந்து திவாலான ரெமிங்டனின் காப்பீட்டாளர்கள், இறந்தவர்களில் ஒன்பது பேரின் குடும்பங்களுக்கு 7 கோடியே 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். செய்தி வந்தபோது அந்த ஜனவரியில் வெளியான ரைஃபிளின் கைப்பிடி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். நல்லது. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

11. உற்பத்தி நின்ற பிறகு காதலியுங்கள்.

2020-ல் ரெமிங்டன் திவாலாகி, அதன் பெயர்களும் பிராண்டுகளும் தனித்தனியாக ஏலம் போயின. ஏ.சி.ஆர். உற்பத்தியும் அதோடு நின்றது. இதுதான் சரியான நேரம். “காலத்தை மிஞ்சிய ரைஃபிள், யாருக்கும் அருமை தெரியவில்லை, கம்பெனிக்காரன் கெடுத்துவிட்டான்” என்று குரல் தழுதழுக்கப் பேசுங்கள். பத்து வருடமாக அதை வாங்காதே என்று ஊரைத் தடுத்தவர் நீங்கள்தான் என்பது குறுக்கே வர வேண்டாம். உங்களிடம் ஒன்று இருந்தால் எண்ணெய் போட்டுத் துடைத்து, வாங்கிய விலைக்கு மேல் ஒன்றைச் சொல்லுங்கள். வாங்க வருபவர் இளைஞராக இருப்பார். கேமில் சுட்டு வளர்ந்த பையன். கையில் எடுத்ததும் கண் மின்னும். இருந்தாலும் எங்கோ படித்துவிட்டு வந்து, கொஞ்சம் தயங்கி, “அண்ணே, இதில் மரை 9 அங்குலமாமே?” என்று கேட்பான்.

“55 கிரெயின்தானே தம்பி சுடப்போறே?” என்று சொல்லிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.